ஜாகை எங்கே? சாப்பாடு எங்கே?

க்ஷேத்திர யாத்திரை புறப்படுகிறவர்களுக்கு முதற் கவலை சுவாமி தரிசனம் என்று பெரியோர்கள் சொல்வார்கள். பெரியோர் வாக்கை மறுக்கக் கூடாது. ஆனால், குழந்தை குட்டிகளுடன் திருச்சி ஜங்ஷனில் இறங்கி, மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு நிற்கும் குடும்பத் தலைவர் ஒருவரின் முகத்தைக் கவனித்தால் வேறு உண்மை விளங்கும். ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாள் எங்கும் எழுந்து போய்விட மாட்டார். பல நூற்றாண்டுகளாகப் பள்ளி கொண்ட இடத்திலேயே இருக்கிறார். நல்ல அறையும் சூடான இட்டிலியும் அப்படிப்பட்டவை அல்ல. ஒரு மணி நேரம் தாமதித்தால் வேறு யாருக்காவது போய்விடும். ஆகையால் "ஜாகை எங்கே? சாப்பாடு எங்கே?" என்னும் இரண்டு கேள்விகளே முன்னால் வந்து நிற்கின்றன.

இக்காலத்தில் இந்தக் கேள்விகளுக்குக் கைப்பேசி நொடியில் பதில் சொல்லிவிடுகிறது. இந்த ஹோட்டலுக்கு நாலரை நட்சத்திரம், அந்த ஹோட்டலுக்கு மூன்றேகால் நட்சத்திரம் என்று வான சாஸ்திரம் பேசுகிறது. நட்சத்திரம் பார்த்து நடந்த எல்லாக் கல்யாணங்களும் சுகமாக அமைந்துவிடுவதில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள். விடுதி விஷயமும் அதைப் போன்றதே. நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன், "நாம் எதற்காக வந்திருக்கிறோம்?" என்று கேட்டுக்கொள்வது நலம்.

தங்குகிறவர்களுடைய கண்ணுக்குத் திருச்சி நகரம் மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. முதலாவது, ஜங்ஷனும் கண்டோன்மெண்டும் சேர்ந்த பகுதி. பெரிய ஹோட்டல்களில் பலவும், சுற்றுலாக் கழகத்தாரின் 'ஹோட்டல் தமிழ்நாடு'ம் இங்கேதான் இருக்கின்றன. விடியற்காலையில் ரயில் ஏற வேண்டியவர்களுக்கும் விமான நிலையம் செல்கிறவர்களுக்கும் இது சௌகரியம். ஆனால் ஓர் எச்சரிக்கை: "மத்தியப் பஸ் நிலையத்துக்கு அடுத்த வாசல்" என்று விளம்பரம் செய்யும் விடுதிகளின் பெருமையில் ஒரு பகுதி 2025-ஆம் ஆண்டில் குறைந்துவிட்டது. அவ்வருஷம் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டு, வெளியூர்ப் பஸ்கள் பெரும்பாலும் அங்கே மாற்றப்பட்டன. பழைய எண்ணத்துடன் அறை பிடித்தால், வெளியூர்ப் பஸ்ஸைப் பிடிக்க இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது பகுதி, மலைக்கோட்டையும் தெப்பக்குளமும் கடைவீதிகளும் அடங்கியது. இங்கே உள்ள பஸ் நிலையத்துக்குச் 'சத்திரம் பஸ் நிலையம்' என்று பெயர். தினம் ஆயிரக்கணக்கானவர்கள் அப்பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள். அதற்குள் இருக்கும் 'சத்திரம்' என்ற சொல்லை நினைப்பவர் சிலரே. வழிப்போக்கனுக்குத் தங்க இடமும் உண்ண அன்னமும் கொடுப்பது ராஜ தர்மம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சியிலிருந்து ஆட்சி செலுத்திய ராணி மங்கம்மாளின் புகழை அவளுடைய போர்களைவிடச் சாலைகளும் சத்திரங்களுமே காப்பாற்றி வருகின்றன. துணிமணி வாங்கவும், மலையேறி உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கவும் விரும்புகிறவர்கள் இப்பகுதியில் தங்கலாம். இரவிலும் சந்தடி இருக்கும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கம். ஜங்ஷனிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வரும் ரயில்களில் பல ஸ்ரீரங்கத்திலேயே நிற்பதால், ஜங்ஷன் வரை போய்த் திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. 156 ஏக்கர் விஸ்தீரணமும், ஏழு பிராகாரங்களும், 21 கோபுரங்களும் கொண்டது இந்த ஆலயம். வெளிப் பிராகாரங்களில் வீதிகளும் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ ஓர் அறை கிடைத்தால், கோயிலுக்கு அருகில் தங்கியதாகச் சொல்வது தவறு. கோயிலுக்குள்ளேயே தங்கியதாகச் சொல்ல வேண்டும்!

ஸ்ரீரங்கத்தில் தங்குவதற்குப் பலமான காரணம் விடியற்காலை விசுவரூப தரிசனம். சந்நிதிக்கு எதிரே பசுவும் யானையும் வந்து நிற்க, திரை விலகும் அந்தக் காட்சியைக் காண வேண்டுமானால், இருட்டிலேயே எழுந்து நீராடிவிட்டு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது உத்தமம். கண்டோன்மெண்டில் பஞ்சு மெத்தையில் படுத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் வண்டியும் கிடைப்பது அரிது. எழுந்திருக்க மனமும் வருவது அரிது. மத்திய தரக் குடும்பங்களுக்கென்றே கொள்ளிடக் கரைப் பக்கத்தில் தேவஸ்தானத்தின் 'யாத்திரி நிவாஸ்' 2014-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. இருவர் தங்கும் அறைகளோடு, பெருங் கூட்டமாக வருகிறவர்கள் படுப்பதற்கான கூடங்களும் அங்கே உண்டு. கோயிலின் இணையதளம் வழியாக முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். வைகுண்ட ஏகாதசி, சித்திரைத் தேர், ஆடிப் பெருக்கு ஆகிய நாட்களில் முன்பதிவு இல்லாமல் வருகிறவர்கள், அம்மா மண்டபத்துப் படித்துறையின் காற்று எவ்வளவு இனிமையானது என்பதை இரவு முழுவதும் ஆராயும் வாய்ப்பைப் பெறுவார்கள்.

அறையைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. படுக்கை விரிப்பை அல்ல, குளியலறையை முதலில் பார்க்க வேண்டும். குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா, ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறதா, கதவின் தாழ்ப்பாள் உள்ளே ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். "வரி உட்பட மொத்தம் என்ன?" என்பது அடுத்த கேள்வி. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று ஆகியிருக்கிறது. சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை தானாக வந்து ஏறிக்கொள்ளக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. மரியாதையாகச் சுட்டிக் காட்டினால் போதும். சண்டைக்கு அவசியமே இல்லை.

இனிமேல் சாப்பாடு. ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கே நல்ல சமையல். தினமும் புது மண்பானைகளில் தளிகை செய்யும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. பிரசாத ஸ்டாலில் ஒன்றை வாங்கி, ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து உண்பதற்கு நிகரான சிற்றுண்டி எந்த ஹோட்டலிலும் கிடையாது. 2012-ஆம் ஆண்டிலிருந்து கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. "நமக்கென்ன, காசு இருக்கிறதே!" என்று நினைக்காமல், ஒரு வேளையாவது குழந்தைகளை அந்தப் பந்தியில் உட்கார வைப்பது நல்லது. பக்கத்து இலையில் யார் உட்காருவார் என்று தெரியாது என்பதே அந்தப் பந்தியின் மகிமை.

திருவானைக்காவலில், ஜம்புகேசுவரர் கோயிலுக்கு அருகே, 1943-ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் 'பார்த்தசாரதி விலாஸ்' என்னும் சிற்றுண்டிச் சாலையில் நெய் ரோஸ்ட் பிரசித்தம். அங்கே அலங்காரம் ஒன்றும் இல்லை. தோசைக்கல்லில் இருந்து வருகிற நெய் வாசனைதான் விளம்பரப் பலகை. உச்சிக் காலத்தில் அர்ச்சகர் புடைவை அணிந்து வந்து பூஜை செய்யும் அதிசயத்தைக் கோயிலில் பார்க்க எண்ணுகிறவர்கள், காலைச் சிற்றுண்டியை இங்கே முடித்துக்கொண்டு போகலாம். திருச்சியின் 'ஆதிகுடி காப்பி கிளப்' நூறாண்டைக் கடந்துவிட்ட இன்னொரு ஸ்தாபனம். அசைவ உணவு வேண்டுகிறவர்கள் திருச்சி நகரத்துக்கு வந்துவிடுவது மேல். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மரக்கறிச் சாப்பாடே பிரதானம்.

பெயர் தெரியாத ஹோட்டலில் நுழைய நேர்ந்தால் சோதனை சுலபம். உள்ளூர்க்காரர்கள், அதிலும் ஆபீஸுக்கு அவசரமாகப் போகிறவர்கள், அங்கே உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூட்டம் வேகமாக வந்து போகும் இடத்தில் மாவு புளிக்க நேரமில்லை. சட்னி ஊசிப்போக நேரமில்லை. நூறு பலகாரம் எழுதிய பட்டியலைவிட, "இட்டிலி, பொங்கல், தோசை, வடை இப்போதுதான் போடுகிறார்கள்" என்று சொல்லும் பரிசாரகரை நம்பலாம். பிற்பகலில் பசியுடன் வந்து நிற்காதீர்கள். பழைய மோஸ்தர் ஹோட்டல்களில் அடுப்புக்கும் அப்போது ஓய்வு.

'காப்பி கிளப்' என்ற பெயரைச் சொன்னதும் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வருகிறது. நம் பாட்டனார் காலத்தில் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும் கவலை பலருக்கு இல்லை. ஹோட்டல்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தது! 'பிராமணாள் மட்டும்' என்று ஒரு பலகை. உள்ளே தனி இடம், வெளியே தனி இடம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் அப்படியே. காசு ஒரே காசு. காப்பி ஒரே காப்பி. உட்காரும் இடம் மட்டும் வேறு. சிலருக்கு உட்கார இடமே இல்லை.

இந்தப் பந்தி பேதம் எவ்வளவு பொல்லாதது என்பதைத் திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயரின் கதையே காட்டும். உயிரைத் துரும்பாக மதித்த தேச பக்தர் அவர். சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்ட விவகாரம், 1925-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிவிட்டது. அன்னியனை எதிர்த்து ஒன்றாக நின்றவர்களால் ஓர் இலையின் இடத்தைப் பற்றி ஒன்றாக நிற்க முடியவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, அதே திருச்சி வேறொரு காட்சியையும் கண்டது. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் உப்பு சத்தியாக்கிரகிகள் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் தார்ன் துரை என்ன உத்தரவு போட்டார் தெரியுமா? இவர்களுக்கு உணவும் தங்க இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று! கும்பகோணத்தில் பந்துலு ஐயர் துணிந்து உபசரித்தார், சிறையும் சென்றார். மற்ற ஊர்களில் ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கட்டி, வழியோரத்து மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது, எந்த வீட்டுச் சமையல் என்று விசாரிக்க வழியில்லை. ஒரு பெரிய சாம்ராஜ்யத்தை ஒரு சோற்றுப் பொட்டலம் மரக்கிளையிலிருந்து பார்த்துச் சிரித்தது.

1950 ஜனவரி 26-ஆம் தேதி அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது ஷரத்து, கடைகளிலும் ஹோட்டல்களிலும் பொதுச் சிற்றுண்டிச் சாலைகளிலும் ஜாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தேசத்தின் மூலச் சட்டத்தில் ஹோட்டலுக்கு ஓர் இடம் இருப்பது வேடிக்கையல்ல. காரணத்தோடுதான் எழுதி வைத்தார்கள்.

அந்தக் காரணம் அடியோடு மறைந்துவிட்டதா? சில வருஷங்களுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். ஒரு சத்திரத்தில் குமாஸ்தா என்னை உட்காரச் சொன்னார், விசிறியையும் திருப்பிவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸார், தப்பாக நினைக்கக் கூடாது, பையன்கள் எல்லாரும் என்ன வகுப்பு?" என்றார்.

"எட்டாம் வகுப்பு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாங்களும் தங்கவில்லை. அன்றிரவு வேறொரு சாதாரண லாட்ஜில் அடையாள அட்டையும் வாடகையும் தவிர வேறொன்றும் கேட்காமல் மூன்று அறைகள் கொடுத்தார்கள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, விளக்கும் மங்கல். ஆனால் பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே கூச்சலாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த லாட்ஜுக்கு எத்தனை நட்சத்திரம் என்று நான் பார்க்கவில்லை.

ஆகையால், திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வருகிற அன்பர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். தூரத்தைப் பாருங்கள், தண்ணீரைப் பாருங்கள், மொத்த வாடகையைக் கேளுங்கள், கூட்டம் உள்ள இடத்தில் சாப்பிடுங்கள். இவற்றோடு, வாசலில் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். வகுப்பைக் கேட்கும் இடம் பளிங்கால் இழைத்திருந்தாலும், வாடகையே வேண்டாம் என்றாலும், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். காவிரிக் கரையில் திறந்த வாசல்களுக்குக் குறைவில்லை. நாம் கொடுக்கும் வாடகையும் நாம் குடிக்கும் காப்பியின் விலையும் அந்த வாசல்களுக்கே போய்ச் சேரட்டும்.