வசாய் தந்த துபாஷி

மும்பையில் நெடுங்காலமாக வாழும் நம்மவருள்ளும் வசாய்க் கோட்டையைக் கண்டவர் சிலரே. பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் மனைவியோடும் மகனோடும் அங்குச் சென்று வந்தேன். மின்சார ரயில் பயந்தரைத் தாண்டியதும் அகன்ற கழிமுகத்தைக் கடக்கிறது. அப்பால் உப்பளங்களும் வாழைத் தோட்டங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன.

1534-இல் குஜராத் சுல்தானிடமிருந்து போர்த்துக்கேயர் கைக்கு வந்த வசாய், 1739-இல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படைக்கு வசமாயிற்று. இன்று கோட்டைக்குள் இருப்பவை கூரையிழந்த ஆலயங்களும், சுவர்களைப் பற்றிப் படர்ந்த மரங்களுமே. அவற்றுள் சேசு சபையாரின் பழைய ஆலயம் கொன்சாலோ கார்சியா என்னும் புனிதர் பெயரால் வழங்குகிறது.

அவர் இவ்வூரிலேயே 1557-ஐ ஒட்டிப் போர்த்துக்கேயத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர். சேசு சபையாரிடம் கல்வி கற்று, இளமையிலேயே ஜப்பான் சென்று அம்மொழியில் தேர்ந்தார். பின்னர் வணிகரானார், மணிலாவில் பிரான்சிஸ்கு சபையில் துறவுச் சகோதரராகச் சேர்ந்தார். 1593-இல் அச்சபையார் ஜப்பானின் அதிபதி ஹிதெயோஷியின் முன் சென்றபோது, துபாஷியாக நின்று பேசியவர் இவரே.

1596-இல் ஸ்பானியக் கப்பலொன்று ஜப்பான் கரையில் உடைந்தது. துறவிகளின் பின்னே படை வரும் என்ற ஐயம் அதிபதிக்கு வலுத்தது. பிடிபட்டவர்களின் இடச்செவியை அறுத்து, கடுங்குளிரில் ஏறத்தாழ ஒரு மாதம் நடத்திச் சென்றனர். வழியில் இருவர் சேர, 26 பேர் 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகிக் குன்றில் சிலுவையில் கட்டப்பட்டு ஈட்டியால் குத்துண்டு மாண்டனர். அவர்களுள் இளையவனாகிய லூயிஸ் இபாராகிக்கு வயது 12. 1862-இல் அனைவரும் ஒருங்கே புனிதராக அறிவிக்கப் பெற்றனர். பிப்ரவரி 5 புனித ஆகத்தாவின் நாளாதலால், இவர்களது திருநாள் 6-ஆம் தேதி கொண்டாடப்படுகிறது. "பவுல் மிக்கியும் தோழர்களும்" என்பது நாட்காட்டியில் காணும் பெயர்.

"தோழர்கள் என்றால் அவர்களுக்குப் பெயர் இல்லையா, அப்பா?" என்றான் மகன்.

அக்கேள்வி என்னைத் தைத்தது. இந்நகரில் நம்மையும் எத்தனையோ காலம் "மதராஸி" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். நாமும் அண்டை வீட்டாரின் ஊரையோ பெயரையோ கேளாமல் ஆண்டுகளைக் கழித்ததுண்டு.

திரும்பும் வழியில், வசாய்க்குப் பேர்போன உலர்ந்த வாழைப்பழம் வாங்க என் மனைவி நின்றாள். அவள் தமிழில் சொன்னதை மகன் மராத்தியில் சொன்னான். மூதாட்டியின் மறுமொழியைத் தமிழில் தந்தான். விலை படிந்த பின், தானாகவே அம்மூதாட்டியிடம் பெயரைக் கேட்டான். அவளும் முகம் மலர்ந்து சொன்னாள். அவன் பெயரையும் கேட்டறிந்தாள்.

அன்பர்களே, ஒருமுறை வசாய்க்குச் சென்று வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.