பருத்திக்குன்றம் தந்த பாடம்

காஞ்சி மாநகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் சிவ காஞ்சியையும் விஷ்ணு காஞ்சியையும் சுற்றிப் பார்த்து, பட்டுக் கடைகளில் நுழைந்து வெளிவந்து, அத்துடன் ஊர் திரும்பிவிடுவர். வேகவதி ஆற்றங்கரையில் ஜின காஞ்சி என்று மூன்றாவதாக ஒன்று அமைதியாக இருப்பதைப் பலர் அறியார். அதுவே திருப்பருத்திக்குன்றம். சென்ற ஆண்டு ஒரு நாள் பிற்பகல், நம் பங்கில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வூருக்குச் சென்றிருந்தோம்.

உடன் வந்தவர்களுள் ஒருவர், முப்பதாண்டுகளுக்கு மேலாக அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர். தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது நெடுங்காலம் 58 ஆக இருந்தது. 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஆயினும் ஓய்வு நாள் ஒரு நாள் வந்தே தீரும். வழியில் அவர் நம்மிடம் சொன்னார்: “சாமி, காலை ஒன்பதரை மணி ஆனால் சட்டையை மாட்டக் கை தானாகப் போகிறது. போக இடந்தான் இல்லை.” வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் உடன் வந்த எவரும் சிரிக்கவில்லை.

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயில் வர்த்தமானருக்கு, அதாவது மகாவீரருக்கு உரியது. பல்லவர் காலத்தில் வேரூன்றி, சோழர் காலத்தில் வளர்ந்தது. விசயநகர வேந்தர் இரண்டாம் ஹரிஹரரின் காலத்தில், அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் சொற்படி 1387–88இல் இங்கே சங்கீத மண்டபம் எழுப்பினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. சில இடங்களில் வண்ணம் உதிர்ந்திருப்பினும், கழுத்து வலிக்க அண்ணாந்து நோக்கி நின்றோம்.

அங்கிருந்த நயினார் குலத்துப் பெரியவர் ஒருவர், முதல் தீர்த்தங்கரராகிய இருஷபதேவரின் வரலாற்றை நமக்கு எடுத்துரைத்தார். அரசைத் துறந்து மௌனம் பூண்ட இருஷபர், உணவு ஏற்க ஊர்தோறும் நடந்தார். மக்கள் பேரன்புடன் யானைகளையும் குதிரைகளையும் மணிகளையும் கொண்டுவந்து முன்னே நிறுத்தினர். அவருக்கு வேண்டியது ஒரு கை உணவே என்பது எவருக்கும் தோன்றவில்லை. ஓராண்டுக்கு மேல் அவர் பட்டினியாகவே நடந்தார். முடிவில் அத்தினாபுரத்து இளவரசர் சிரேயாம்சர் கரும்புச் சாறு அளிக்க, அதை ஏற்றுப் பசியாறினார். உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமணர் போற்றுவர் என்றும், அபயம் என்பது அஞ்சுவோரின் அச்சத்தைப் போக்குதல் என்றும் அப்பெரியவர் விளக்கினார்.

கோயிலுக்குள் உள்ள குரா மரத்தின் அருகே சற்று அமர்ந்தோம். எழுத்தர் நெடுநேரம் பேசாதிருந்து பின், “யானையைக் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், சாமி. கேட்கத் தெரியாதவர்கள், அவ்வளவுதான்” என்றார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் நாமும் ஒரு யானையைக் கொடுத்திருந்தோம்.

அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் பங்கு எல்லைக்குள் வாழ்ந்த பட்டு நெசவாளர் ஒருவர் இறந்தார். மனைவியும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனும் நிர்க்கதியாயினர். காஞ்சியின் கோர்வைச் சேலை மூன்று நாடாக்கள் கொண்டு நெய்யப்படுவது. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் இரண்டு. ஒரு கரை நாடாவைத் தள்ள இரண்டாம் ஆள் ஒருவர் உடனிருக்க வேண்டும். கணவர் நெய்ய, மனைவி கரை நாடா தள்ளிய தறி அது. அவர் போனதும் தறி நின்றது. பங்கு விழாவன்று அப்பெண்ணுக்கு நாம் தையல் இயந்திரம் ஒன்று வழங்கினோம். பலர் கைதட்டினர், புகைப்படமும் எடுத்தோம். சில திங்கள் கழித்து அவ்வழியே போனபோது, இயந்திரத்தின்மேல் மடித்த துணிகள் அடுக்கியிருக்கக் கண்டோம். அந்த அம்மாள் ஊசி பிடித்துத் தைத்தவரே அல்லர் என்பதை அன்றுதான் அறிந்தோம். கொடுக்கும் முன் நாம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் நெசவாளர் தெருக்களில் சில வீடுகளிலிருந்து தறியின் ஓசை கேட்டது. குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து, கண்ணும் முழங்காலும் தளரும்வரை நெய்பவர்களுக்குப் பிரிவுபசார விழாவும் இல்லை, மாலையும் இல்லை. நம் எழுத்தர் ஒரு வீட்டு வாசலில் நின்று, “அந்த அம்மாளுக்கு உண்மையில் என்ன வேண்டும், சாமி?” என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை.

மறுவாரம் அவரே அவ்வீட்டுக்குச் சென்றார். முதல் நாள் நலம் விசாரித்துத் திரும்பினார். இரண்டாம் முறை திண்ணையில் அமர்ந்து பேசினார். மூன்றாம் முறைதான் அந்த அம்மாள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களைக் காட்டினார். கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்குத் தமிழகத்தில் சேமிப்புத் திட்டமும் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. கணவர் சங்க உறுப்பினர். ஆனால் இறப்புச் சான்றிதழில் பெயர் ஓரெழுத்துப் பிழையாக இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கவே இல்லை. அலுவலகம் என்றாலே அந்த அம்மாளுக்கு அச்சம். அதற்குள் மகன் பள்ளியை விட்டு நின்று, இன்னொருவர் தறியில் கரை நாடா தள்ளப் போயிருந்தான்.

பிறகு நடந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. மேசைக்கு அப்புறம் அமர்ந்து பழகியவர், இப்போது இப்புறம் வரிசையில் நின்றார். மனு எழுதினார், காத்திருந்தார், மீண்டும் சென்றார். கையில் பழைய பை, பையில் குடிநீர், மனத்தில் பொறுமை. இவைதாம் அவர் செலவிட்டவை. ஐந்து திங்களில் காகிதங்கள் சீராயின. வந்த தொகை பெரிதன்று. ஆயினும் மாதந்தோறும் வரும் என்னும் உறுதி அச்சத்தைப் போக்கிற்று. மகன் பள்ளிக்குத் திரும்பினான். சமணப் பெரியவர் கூறிய அபய தானம் எது என்பது அன்று நமக்கு விளங்கிற்று. தையல் இயந்திரத்தையும் அந்த அம்மாளின் இசைவோடு தையல் தெரிந்த வேறொரு பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்தோம்.

இவ்வுண்மையை நம் திருச்சபையும் முன்னரே கண்டிருக்கிறது. 1833இல் பாரிஸ் நகரில், இருபதே வயதான பிரெடரிக் ஓசானாம் தம் தோழர்களுடன் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, அம்மாணவர்களுக்கு வழிகாட்டியவர் அருட்சகோதரி ரோசலி ரெந்து. ஏழைகள் வாழும் வீடுகளுக்கே அவர்களை அனுப்பி, ஏழையரைக் கண்டு பழகக் கற்பித்தார். வீடு தேடிச் சென்று சந்திப்பது இன்றளவும் அச்சபையின் உயிர்நாடி. ஓசானாம் 1997இலும் ரோசலி 2003இலும் முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தப்பட்டனர்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. திருவைகுண்டத்துக் கல்லூரியில் நூலகராகப் பணிபுரிந்த கல்யாணசுந்தரம், தம் ஊதியத்தை எளியோருக்கே ஈந்து வாழ்ந்தார். ஓய்வு பெற்றபின் கொடுப்போரையும் தேவையுள்ளோரையும் இணைக்க ஓர் அமைப்பைத் தொடங்கி, அதற்குப் ‘பாலம்’ எனப் பெயரிட்டார். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஊதியம் முழுவதையும் கொடுக்க எல்லோராலும் இயலாது. ஆனால் பாலமாக நிற்க எவராலும் இயலும்.

ஓய்வு பெற்ற அன்பர்களே! உழைக்கும் வயதினரிடம் பணம் இருக்கலாம். மூன்றாம் முறை திண்ணையில் அமர அவர்களுக்கு நேரம் இல்லை. அந்த நேரம் உங்களிடம் உண்டு. ஆசிரியராக இருந்தவர் ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம்; செவிலியராக இருந்தவர் ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம்; எழுதத் தெரிந்தவர் ஒரு மனு எழுதலாம். ஒரு குடும்பம் போதும். இருவராகச் செல்லுங்கள், முதலில் கேளுங்கள், மீண்டும் செல்லுங்கள், புகைப்படம் எடுக்காதீர்கள்.

அண்மையில் ஒரு காலை, ஒன்பதரை மணிக்கு நம் எழுத்தரைக் காண அவர் இல்லம் சென்றோம். ஆள் இல்லை. “சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார், சாமி” என்றார் அவர் மனைவியார்.