ஆர்.ஐ.சி. தான்

லண்டன் குரோய்டன் வீட்டில் சாமிப்படத்துக்கு எதிர்ச்சுவரில் அப்பப்பாவின் படம் தொங்குகிறது. இலங்கைப் பொலிஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து கொஞ்சக் காலத்தில் வேலையை விட்டுவிட்டுத் தோட்டம் செய்யப் போனவர். படத்தில் விறைப்பான காக்கி, மீசை, இடுப்பில் ஒரு தோல் உறை. உறையின் மூடி பூட்டியிருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "வெப்லி ரிவோல்வரா இருக்கும்" என்பார். அவருக்கும் தெரியாது.

அந்த மூடிய உறைக்குள் கையை விட்டுப் பார்க்கும் ஆசையில்தான் 1,150 பவுணைக் கொட்டினேன். காசு போனதைப் பற்றி எழுத உட்காரவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததைப் பற்றித்தான்.

முதலில் ரிவோல்வர் இல்லை, விசில். ஞாயிறு காலை கார் பூட் சேலில் 5 பவுணுக்கு ஒரு பொலிஸ் விசில் கிடைத்தது. பர்மிங்ஹாமின் ஜே. ஹட்சன் கம்பனி செய்தது. 1880களில் லண்டன் பொலிஸார் மரக் கிலுகிலுப்பையை விட்டு விசிலுக்கு மாறியபோது அதைச் செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான். கம்பனி இடம் மாற மாற விசிலில் அடிக்கும் முகவரியும் மாறியது. அந்த முகவரியை வைத்தே விசிலின் வயதைக் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இது பிடித்துப்போனது. நான் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது வெலஸ்லி ரோட்டு லூனர் ஹவுஸ் குடிவரவு அலுவலகத்தில் என் பத்து விரலையும் உருட்டி எடுத்து ஒரு இலக்கம் தந்தார்கள். பல வருடம் அந்த இலக்கம்தான் நான். அதனாலோ என்னவோ, எதில் இலக்கம் அடித்திருந்தாலும் 'இது எந்தக் கணக்கில் இருந்தது, யார் பேரில் இருந்தது' என்று மனம் நோண்டத் தொடங்கிவிடும்.

விசிலுக்குப் பிறகு விக்டோரியா காலத்துப் பொலிஸ் தடி, பிறகு கைவிலங்கு. ஒவ்வொன்றாக அலுமாரிக்குள் ஏறின. மனைவி ஒருநாள் தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்தாள். 1981இல் பொலிஸார் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த இரவு அங்கே இருந்தவள் அவள். "பொலிஸ் எண்டு பொறிச்ச சாமானைக் காசு குடுத்து வாங்கிற ஒரே யாழ்ப்பாணத்தான் நீங்கள்தான்" என்றாள். நான் அப்பப்பாவின் படத்தைக் காட்டினேன். "அவர் சம்பளம் வாங்கினவர், நீங்கள் காசு குடுக்கிறியள்" என்று போய்விட்டாள்.

பிரித்தானியாவில் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாதே என்று கேட்பீர்கள். 1996 மார்ச் 13ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் ஆரம்பப் பாடசாலையில் 16 பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தார்கள். ஆனால் 1968ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டத்தின் 58ஆவது பிரிவில் ஒரு சின்னக் கதவு திறந்தே இருந்தது. பழங்காலத்து ஆயுதத்தை அலங்காரப் பொருளாகவோ அரும்பொருளாகவோ வைத்திருந்தால் அனுமதிப்பத்திரம் வேண்டாம். எந்தெந்த அளவுத் தோட்டா வழக்கொழிந்துவிட்டது என்று உள்துறை அமைச்சு ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்தப் பட்டியலில் உள்ள தோட்டாவுக்குச் செய்த ரிவோல்வர் என்றால் கிட்டத்தட்ட ஒரு பழைய குத்துவிளக்கை வாங்குவது போலத்தான். காசைக் கொடுத்தால் கையில் தருவார்கள். பேர் எழுத மாட்டார்கள்.

2013இல் ஒரு சந்தையில் அதைப் பார்த்தேன். வெப்லி, .442 அளவு. உடல்பகுதியில் தெளிவாக மூன்று எழுத்து: ஆர்.ஐ.சி.

அந்த மூன்று எழுத்து எனக்கு என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். ரோயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி. அயர்லாந்தை அடக்கி வைத்திருந்த ஆயுதப் பொலிஸ். 1867இல் ஃபீனியன் கிளர்ச்சியை ஒடுக்கியதற்குப் பரிசாக விக்டோரியா ராணி 'ரோயல்' பட்டம் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவர்கள் வெப்லியின் இந்த ரிவோல்வரை எடுத்துக்கொண்டார்கள். குடியேற்ற நாடுகள் பலவற்றின் பொலிஸ் இந்தப் படையைப் பார்த்துத்தான் வார்க்கப்பட்டது, இலங்கைப் பொலிஸ் உட்பட. 1907இலிருந்து குடியேற்ற நாடுகளுக்குப் போகிற வெள்ளை அதிகாரிகளை டப்ளின் ஃபீனிக்ஸ் பார்க்கில் இருந்த இவர்களுடைய முகாமில் பயிற்றி அனுப்பினார்கள். ஆக, அப்பப்பாவுக்கு சலூட் அடிக்கப் பழக்கியவனைப் பழக்கியவன் இந்த மூன்றெழுத்துக்காரன். மூடிய உறைக்குள் கை போய்விட்டது போல இருந்தது எனக்கு.

"ஐரிஷ் பொலிஸா?" என்று வியாபாரியைக் கேட்டேன்.

"ஆர்.ஐ.சி. தான்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இதைப் பிறகு எத்தனையோ இரவு யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, சந்தைகளில் பழக்கமான ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஒருவருக்குப் பெருமையோடு காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் கார் வைத்திருக்கிறவன் எல்லாம் ஒக்ஸ்ஃபோர்டில் படித்தவனா?" என்று கேட்டார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் எடுத்தது. (அந்தக் காரைத்தான் இந்தியாவில் அம்பாசிடர் என்று பேர் மாற்றி ஓட்டினார்கள். அதை ஓட்டியவர்கள் தூதுவர்களும் இல்லை.) ஆர்.ஐ.சி. என்பது மாடலின் பேர். ஐரிஷ் பொலிஸ் எடுத்துக்கொண்டதையே விளம்பரமாக வைத்து வெப்லி அதே பேரில் பல பத்தாண்டுகள் ஊருக்கெல்லாம் விற்றது. இந்தியாவுக்குக் கப்பலேறும் அதிகாரி, ஆபிரிக்காவுக்குப் போகிற பயணி, நகைக்கடைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கினார்கள். பெல்ஜியத்தில் நகல் கூடச் செய்து தள்ளினார்கள். படைக்கு உண்மையாகவே கொடுத்த ரிவோல்வரில் தொழிற்சாலைப் பேருக்கு மேலதிகமாகப் படையின் சொந்த முத்திரையும் இலக்கமும் இருக்கும். என்னுடையதில் அந்த இடம் வழுவழுப்பாக இருந்தது.

"இந்த நிலைக்கு 700 கொடுத்திருக்கலாம்" என்றார் கிழவர்.

அந்தக் கிழவரிடம்தான் இந்த வித்தையைப் படித்தேன். பொலிஸ் முத்திரைக்கு இரண்டு முகம் உண்டு. வெறுமனே சுடுவதற்கு வாங்குகிறவனுக்கு அது கீறல். 1980களிலும் 90களிலும் அமெரிக்கப் பொலிஸ் திணைக்களங்கள் ரிவோல்வரை விட்டு அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறியபோது, திணைக்களப் பேர் பொறித்த ஸ்மித் அண்ட் வெசன் ரிவோல்வர்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. உறையில் உரசி உரசிக் குழல் முனை வெளிறி, பிடி நசுங்கி, பின்முதுகில் யாரோ ஊர்ப் பேர். வாங்கியவர்கள் அந்தப் பேரைக் காட்டியே விலையைக் குறைத்தார்கள். சிலர் அரத்தைப் போட்டு ராவினார்கள். ராவியதோடு மிச்ச மதிப்பும் போனது. பொறித்த எழுத்தைவிட மோசமானது எழுத்து இருந்த இடத்துப் பள்ளம்.

சேகரிப்பவனுக்கு அதே எழுத்து பொன். ஆனால் எழுத்து தனியாக நிற்காது, அதைத் தாங்க ஒரு காகிதம் வேண்டும். கனடாவின் குதிரைப் பொலிஸ் 1920இல் ரோயல் நோர்த் வெஸ்ட் மவுண்டட் பொலிஸ் என்ற பேரை விட்டு இன்றைய பேருக்கு மாறியது. அதற்கு முந்திய பேரின் முதலெழுத்துகள் அடித்த கோல்ட் ரிவோல்வரைத் தேடி ஆட்கள் கண்டம் கடப்பார்கள், ஏனென்றால் படை பேர் பெற்றது, காலம் குறுகியது, எண்ணிக்கை கொஞ்சம். கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் கம்பனிகளின் பழைய பேரேட்டைப் பார்த்து, இந்த இலக்கத் துப்பாக்கி இன்ன நாளில் இன்ன இடத்துக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் வாங்கலாம். அந்தக் கடிதத்தில் பொலிஸ் திணைக்களத்தின் பேர் இருந்தால் முத்திரை பேசுகிறது. இல்லாவிட்டால் முத்திரை வெறும் வாய்ச்சொல்.

வாய்ச்சொல்லைப் பிறகும் அடிக்கலாம். கிழவர் எனக்குப் பூதக்கண்ணாடியைத் தந்து பழக்கினார். அச்சை வைத்து எழுத்தை அடிக்கும்போது சுற்றியுள்ள இரும்பு வரப்புப் போல மெல்ல எழும்பும். நூறு வருடம் கையில் புழங்கினால் அந்த வரப்புத் தேய்ந்துவிடும். துப்பாக்கி முழுவதும் தேய்ந்திருக்க எழுத்தின் விளிம்பு மட்டும் விரலைக் கிழிக்கிற மாதிரி இருந்தால், எழுத்து பிந்தி வந்த விருந்தாளி. எழுத்தின் குழிக்குள் பழைய அழுக்கும் கறளும் இல்லாமல் மினுங்கினாலும் அப்படித்தான்.

இவ்வளவும் படித்த பிறகு நான் என்ன செய்தேன்?

ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதே கதையைத்தான் சொன்னேன். டப்ளின், ஃபீனிக்ஸ் பார்க், அப்பப்பா. கதை நல்ல கதை, அதில் ஒரு ரிவோல்வர் மட்டும் பொய்.

2017இல் மகளின் படிப்புக்குக் காசு முடைப்பட்டது. சந்தையில் ஒரு தமிழ்ப் பெடியனைக் கண்டிருந்தேன். அந்த இடங்களில் எங்கள் முகம் அபூர்வம், அதனால் கண்டவுடன் பேசிக்கொண்டோம். மிச்சம் என்ற ஊர்ப்பக்கத்தில் இருப்பதாகச் சொன்னான். பேர் ஒருமுறை சொன்னான், நான் மனத்தில் வைக்கவில்லை. போனில் 'மிச்சம் தம்பி' என்று பதிந்தேன். அவன் வீட்டுக்கு வந்து அந்த மூன்றெழுத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். நான் தடவிய அதே மாதிரி.

"ஐரிஷ் பொலிஸ் வைச்சிருந்ததோ அண்ணை?"

"ஆர்.ஐ.சி. தான், தம்பி" என்றேன்.

1,200 பவுண் தந்தான். மனைவி குசினியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சனியன் தொலைந்தது என்ற நிம்மதி அவளுக்கு. எனக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

2020 செப்டெம்பர் 25, வெள்ளிக்கிழமை. காலையில் ஹெலிகொப்டர் சத்தம். வின்ட்மில் ரோட்டில் இருக்கும் பொலிஸ் தடுப்பு நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். விடிவதற்கு முன், அதற்குள்ளேயே சார்ஜன்ட் மற் ரட்டானாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நியூசிலாந்தில் பிறந்தவர், 54 வயது, ஏறக்குறைய 30 வருடச் சேவை, ஓய்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. சுட்டவன் 23 வயது இளைஞன். நோர்பரியில் லண்டன் ரோட்டில் பிடித்து, கையைப் பின்னால் விலங்கிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். தேடியபோது தோட்டாக்கள் அகப்பட்டன, தோளுறையில் இருந்த துப்பாக்கி அகப்படவில்லை. விலங்கு போட்ட கையாலேயே சுட்டான்.

துப்பாக்கி ஒரு பழைய ரிவோல்வர் என்று தெரியவந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இளைஞன். தென் லண்டன். பழைய ரிவோல்வர். மிச்சம் தம்பியின் வயதையும் முகத்தையும் திரும்பத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பொலிஸ் நிலையத்துக்கு வெளியே மலர்க்கொத்துகள் குவிந்திருந்தன. ஒரு பின்னேரம் நானும் முகக்கவசத்தோடு போய் ஒன்றை வைத்துவிட்டு, யாரோ என்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் விறுவிறு என்று வந்துவிட்டேன்.

என்னுடையது இல்லை. அது .41 அளவு கோல்ட், அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் ஏலத்தில் சட்டப்படி வாங்கியது, தோட்டாவை அவனே செய்துகொண்டான் என்பதெல்லாம் பிறகு வெளிவந்தது. 2023 ஜூலையில் அவனுக்கு ஆயுள் முழுவதும் சிறை என்று தீர்ப்பானது. வழக்கொழிந்த தோட்டா என்று பட்டியலில் இருந்ததை ஒரு பெடியன் வீட்டிலிருந்து செய்திருக்கிறான். என்னுடைய அலுமாரிக்குள் அலங்காரமாக இருந்ததும் அவ்வளவு அலங்காரம்தான்.

எனக்கு முன் அந்த வெப்லி யார் கையில் இருந்தது என்று அறிய நூற்றாண்டுக் கணக்கில் பின்னால் போனவன் நான். பூதக்கண்ணாடி பிடித்தவன். எனக்குப் பின் அதைக் கொண்டுபோனவனின் பேர் தெரியாது.

கொலை நடந்த அந்த நாட்களிலாவது மிச்சம் தம்பிக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எடுத்தால் மூன்றெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும்.

2021 மார்ச் 22இல் புதிய விதிகள் வந்தன. பழைய ஆயுதம் என்றால் என்ன என்று சட்டத்திலேயே வரையறுக்கும் அதிகாரம் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, அமுலுக்கு வந்தது அப்போதுதான். பட்டியலிலிருந்து ஏழு தோட்டா அளவுகளை நீக்கினார்கள். .41 கோல்ட் அதில் ஒன்று. இன்னொன்று .442. வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கையளிக்கவோ விற்கவோ வேண்டும். இதற்குமேல் சொல்லாமல் இருந்தால் அந்தப் பெடியன் தன்னை அறியாமல் சிறைக்குப் போகக்கூடும். ஒரு ஞாயிறு மத்தியானம் துணிந்து எடுத்தேன்.

"அண்ணை! எப்பிடி இருக்கிறியள்?" குரல் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

சட்டம் மாறியதைச் சொன்னேன். பிறகு ஒரே மூச்சில் மற்றதையும் சொன்னேன். அது மாடல் பேர், பொலிஸ் முத்திரை இல்லை, விற்கும்போது எனக்குத் தெரியும், மன்னித்துக்கொள்ளும் என்று.

அவன் சிரித்தான். "விடுங்கோ அண்ணை. எனக்கும் பிறகு ஒருத்தர் சொன்னவர். அதை நான் வித்து இரண்டு வருசமாச்சு. ஆர்.ஐ.சி. தான் எண்டு சொல்லித்தான் வித்தனான்."

"எவ்வளவுக்கு வித்தனீர்?" என்று கேட்டேன்.

"ஆயிரத்து நானூறு."

இருநூறு பவுண் லாபம் என்று மனம் கணக்குப் போட்டது. நல்லது தம்பி, சுகமாய் இரும் என்று சொல்லிப் போனை வைத்தேன். மனைவி குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"ஆருக்கு வித்தவராம்?" என்றாள்.

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது.