பாடத்தைத் தாண்டிப் போனால் யார் கேட்பது?

பாடத்திட்ட வரைபடம் என்றதும் பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம் தோழர்களே. எந்த வகுப்பு, எந்தப் பருவம், எந்தப் பாடம், பள்ளியில் நடத்தினார்களா, பிள்ளைக்குப் புரிந்ததா என்பதெல்லாம் ஒரே அட்டவணையில் தெரிந்தால் அதுதான் வரைபடம். புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் நடத்தும் மாலை நேர வகுப்புக்கு எந்த இணையக் கருவி சரிப்படும் என்று தேடியபோது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

இது ஏன் நமக்கு முக்கியம்? ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் முதல் பருவப் புத்தகத்தை எடுங்கள். வரலாறு, புவியியல் முடிந்து கடைசியில் வருவது குடிமையியல். சாதிப் பாகுபாட்டையும், தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவையும் பேசும் ‘சமத்துவம் பெறுதல்’ பாடம் அங்கேதான் இருக்கிறது. தேர்வு நெருங்கினால் கடைசிப் பாடம்தான் முதலில் அடிபடும். “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று தாண்டிப் போனால் கேட்க ஆளில்லை. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே அந்தப் பாடம் விடுபடலாமா?

2018 முதல் வந்த பாடநூல்களில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா தளத்தில் பாடக் காணொலி கிடைக்கும். பயன்படுத்துங்கள். ஆனால் எந்தப் பாடம் நம் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது என்பதை நாம்தான் குறித்துவைக்க வேண்டும். அதற்கு நோஷன், ஏர்டேபிள் இரண்டையும் பார்த்தோம். கணினியில் அழகாக இருந்தன. தன்னார்வலர்களின் சாதாரண போனில் திணறின. கடைசியில் எடுத்தது கூகுள் ஷீட்ஸ். தமிழில் தட்டலாம். ஆஃப்லைன் வசதியைப் போட்டுவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். நாளை வேறு கருவிக்கு மாறினால் மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம்.

சூடாக விவாதித்தது ஒன்றைத்தான்: சாதிக்கு ஒரு கட்டம் வேண்டுமா? “கணக்கு இருந்தால்தானே உரிமை கேட்க முடியும்” என்றார் ஒரு தம்பி. அரசு எடுக்கும் கணக்கெடுப்புக்கு அது பொருந்தும். வாட்ஸ்அப்பில் சுற்றக்கூடிய ஒரு லிங்கில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் சாதி இருப்பது வேறு. அந்தக் கட்டத்தை நாங்கள் சேர்க்கவில்லை. பெயருக்குப் பதில் எண் போட்டோம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து இதே மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். யாருடைய தயவுக்கும் காத்திருக்காமல் தானே ஓட்டிப் போகலாம் என்பதுதான் சைக்கிளின் பெருமை. கருவியைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. நான் வராத நாளிலும் ஒரு கல்லூரித் தங்கை அதைத் திறந்து நிரப்ப வேண்டும்.

நிரப்பியதை போனிலேயே வைத்திருக்காதீர்கள். அச்செடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம் கொடுங்கள். காலியாக இருக்கும் கட்டத்தைக் காட்டி, “இந்தப் பாடம் எப்போது நடக்கும்?” என்று அவர்கள் கேட்கட்டும்.