வேணும், விசுவாசிக்கிறேன்

மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் இருக்கும் பழைய மசூதிக்குச் செம்பிட்ட பள்ளி என்று பெயர். கூரையில் செம்பு வேய்ந்ததால் வந்த பெயர். தமிழருக்கு இதை யாரும் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சற்றுத் தூரம் நடந்ததும் யூதர்கள் தொழுத இடமும் பள்ளி, கிறிஸ்தவர்களின் கோயிலும் பள்ளி என்றாகும்போது நம் காது தடுமாறுகிறது. நமக்குப் பள்ளி என்றால் முதலில் பிள்ளைகள் படிக்கிற இடம்தான். பள்ளிவாசல் என்று அன்றாடம் சொன்னாலும் அதைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து நினைப்பதில்லை. சமணத் துறவிகள் தங்கிய குகையும் அதில் வெட்டிய கற்படுக்கையும் பள்ளி எனப்பட்ட காலத்தில் படுப்பதும் ஓதுவதும் கற்பிப்பதும் ஒரே பாறைமேல்தான் நடந்தன. பிறகு அந்தச் சொல்லில் தமிழ் படிப்பை அதிகம் வைத்துக்கொண்டது, மலையாளம் தொழுகையை வைத்துக்கொண்டது. மலையாளம் நமக்குப் பாதி தெரிந்த மொழி என்ற தெம்போடு பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டுகிற தமிழரை இந்த ஒரு சொல்லே நிறுத்தி யோசிக்க வைத்துவிடும். தெரிந்த சொல் அயலூரில் வேறொன்றைக் குறிக்கும்போது வருகிற குழப்பம், தெரியாத சொல்லால் வருவதைவிட ஆழமானது.

இப்படியொரு குழப்பத்துக்குள் நுழைகிறவர்கள்தாம் வெளிநாட்டில் வேதாகமப் பள்ளியில் சேரும் பிள்ளைகள். அவர்களைப் பற்றி நம் சபைகளில் ஓர் எண்ணம் உண்டு. முதல் சில வாரங்கள் வீணாகத்தான் போகும், சாப்பாடு இறங்காது, பேச்சு பிடிபடாது, ராத்திரியில் வீட்டு நினைப்பு வாட்டும், இதெல்லாம் அடங்கிய பிறகே படிப்பு தொடங்கும் என்பது அந்த எண்ணம். வழியனுப்பும் ஜெபத்திலும் பிள்ளை சீக்கிரம் பழகிக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறோம். இது பிழையான வேண்டுதல் என்பது என் கருத்து. அந்த வாரங்கள் படிப்புக்கு முன்னால் கிடக்கிற இடைஞ்சல் அல்ல, வேதப் படிப்பின் முதல் பாடமே அவைதாம். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டதை நாம் தமிழில் வாசிக்கிறோம். அந்த நூல் நம்மிடம் வந்து சேர யாரோ ஓர் அந்நியர் ஒரு ஊரில் வாயடைத்து நின்று, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கற்றிருக்கிறார். அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்று அறியாதவருக்கு வேதம் மொழிபெயர்க்கப்பட்ட நூல் என்பது வெறும் தகவலாகவே தங்கிவிடும். இதற்குச் சான்று தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். வேதம் படிக்க மேற்கே போக வேண்டும் என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். கொச்சியிலோ மேற்கிலிருந்து வந்தவர்கள் மாணவராக நின்றார்கள்.

கொச்சங்காடியிலேயே தொடங்கலாம். இங்கே 1344இல் யூதர்கள் ஒரு தொழுகைக்கூடம் கட்டினார்கள். கட்டடம் இன்று இல்லை. அதன் எபிரெயக் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி பரதேசி யூதப் பள்ளியின் சுற்றுச்சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. எருசலேமிலிருந்து இவ்வளவு தொலைவில் எபிரெயம் கற்பிக்கப்பட்டது என்பதற்கு அந்தக் கல் போதுமான சாட்சி. வீட்டில் மலையாளம், வேதத்துக்கு எபிரெயம் என்று இரண்டு மொழியில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெண்கள் வேதக் கதைகளை மலையாளப் பாட்டாக்கி நோட்டுகளில் எழுதி வைத்துப் பாடினார்கள். அடுப்படியிலும் அந்த வேதம் இறங்கியது. இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்ற விதிக்குத் தேங்காய்ப்பால் தடையாக இல்லாததால், மலையாளக் கறி யூத வீட்டிலும் தடையில்லாமல் கொதித்தது. இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். பொன்னானியின் பெரிய பள்ளிவாசலையும் அதன் கல்விமரபையும் நிறுவிய முதலாம் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் 1467இல் பிறந்தது இதே கொச்சங்காடியில். அவர் குடும்பம் தமிழ்க் கடற்கரையான மஅபரிலிருந்து வந்தது. அவர் மக்காவிலும் கெய்ரோவின் அல்அஸ்ஹரிலும் படித்துத் திரும்பியவர். பொன்னானியில் மேற்படிப்புக்கு வந்த மாணவர்கள் பள்ளியின் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஓதுவார்கள். அதற்கு விளக்கத்திரிக்கல் என்றே பெயர். அயல்நாட்டில் மாணவனாக இருந்தவர், அயலூர் மாணவர்கள் வந்து உட்காரும் விளக்கை ஏற்றினார்.

கிறிஸ்தவ வேதத்தின் கதை இதைவிடத் துலக்கமானது, ஏனென்றால் அதில் பிழையும் பதிவாகியிருக்கிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் தாம் செய்ததை விவரிக்கிறார். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, மிகுந்த பாடுபட்டு ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் பின்னால் வந்த அந்திரிக்கே அடிகளார் என்னும் என்றீக்கே என்றீக்கஸ் 1540களின் இறுதியில் அந்தத் தமிழைச் சரிபார்த்தபோது விசுவாசப் பிரமாணத்திலேயே ஒரு தவறு இருந்தது. ‘விசுவாசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்தது. கடற்கரைச் சிற்றூர்களில் பிள்ளைகள் அதுவரை தினமும் சொல்லிவந்தது அந்தச் சொல்லைத்தான்.

இதைப் படிக்கிற யாருக்கும் முதலில் சிரிப்பு வரலாம். கொஞ்சம் நின்று பார்த்தால் அந்தச் சிரிப்பு நிலைக்காது. தமிழில் வேண்டும் என்பதும் வேண்டுதல் என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. கடவுளிடம் ஒன்றை விரும்பிக் கேட்பதும் கடவுளைத் தொழுவதும் நம் பேச்சில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஆகவே ‘வேணும்’ என்று சொன்ன பரதவப் பிள்ளையின் காதில் அது பொருளற்ற ஒலியாக விழுந்திருக்காது. கடவுள் தனக்கு வேண்டும் என்று சொல்வதாகவே அது கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் விரும்புவது வேறு, நம்பி ஒப்புக்கொடுப்பது வேறு. இந்த வேற்றுமையை விளக்கத்தான் இறையியல் வகுப்புகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. பல்கலைக்கழகங்களில் படித்துத் தேறிவந்த துறவிகளுக்கு அந்தப் பாடம் ஒரு மீனவர் ஊரில், ஒரு வினைச்சொல்லின் வழியாகத் திரும்பவும் வந்தது. அதைக் கண்டுபிடிக்க அந்திரிக்கே அடிகளாரால் முடிந்ததற்குக் காரணம், அவர் கூட்டத்தோடு மனப்பாடம் செய்வதில் நிற்காமல் வினைச்சொற்களையும் வேற்றுமைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி இலக்கணமாக்கியதுதான்.

பிழை இருந்தும் சபை வளர்ந்ததே, மொழிக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சொல்லில் தவறினாலும் அன்பில் தவறாதவரை மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்குச் சவேரியாரே சான்று. ஆனால் அவர் பிழை, கற்க முயன்றவரின் பிழை. கற்கவே மறுத்ததன் விளைவையும் இதே மலையாளக் கரை பார்த்திருக்கிறது. 1540களில் பிரான்சிஸ்கன் துறவிகள் கொடுங்கல்லூரில் ஒரு கல்லூரி தொடங்கித் தோமாக் கிறிஸ்தவர்களின் பிள்ளைகளுக்கு இலத்தீன் கற்பித்தார்கள். படித்துக் குருப்பட்டம் பெற்று இலத்தீன் வழிபாட்டோடும் போர்த்துக்கீசிய அங்கியோடும் திரும்பியவர்களை அவர்களுடைய சொந்தச் சபைகளே ஏற்கவில்லை. அதன் பிறகுதான் 1580களில் சேந்தமங்கலத்துக்கு அருகே வைப்பிக்கோட்டையில் இயேசு சபையார் சிரியாக் மொழி கற்பிக்கும் குருமடத்தைத் திறந்தார்கள். அப்போதும் அதிகாரம் பொறுமை காட்டவில்லை. 1599இல் உதயம்பேரூரில் கூடிய திருச்சபை மன்றம் சிரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் தோமாக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் கூனன் குரிசு எனப்படும் சிலுவையின் முன் திரண்டு, இயேசு சபைக் குருமாருக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். வந்த ஊரில் மாணவராக இருக்க மறுத்தவர்களுக்கு அந்த ஊர் கொடுத்த பதில் அது.

இங்கே இன்னொரு மறுப்பு எழும். போர்த்துக்கல் மன்னரின் கப்பலில் வந்த துறவியையும், உதவித்தொகைக் கடிதமும் விசாவும் வைத்துக்கொண்டு அயல்நாட்டு விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் நாகர்கோவில் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக் கூடாதுதான். ஒருவர் பின்னால் பீரங்கி இருந்தது, மற்றவர் பின்னால் அப்பா வாங்கிய கடன் இருக்கிறது. ஆனால் இந்த வேற்றுமை என் வாதத்தைப் பலப்படுத்துகிறது. பீரங்கி இருந்தவருக்குக் கற்காமல் இருக்கவும் வழி இருந்தது. அப்படியிருந்தும் கற்றவர்களைத்தான் இன்று நினைவுகூர்கிறோம். அந்திரிக்கே அடிகளாரும் அதிகாரத்தின் செல்லப்பிள்ளை அல்ல. யூத வம்சத்தில் பிறந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்றியது. சொந்த நாட்டிலேயே அந்நியராக்கப்பட்ட ஒருவர் அயல்நாட்டு மொழியின் முன் பணிந்து உட்கார்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. ஊரோடு ஒன்றுவது எப்போதும் நல்லதா? கொச்சி யூதர்கள் ஊரோடு ஒன்றினார்கள், ஊரின் ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்தவர்களுக்குப் பரதேசிப் பள்ளியில் மற்றவர்களுக்குச் சமமான இடம் கிடைக்கவில்லை. யூதக் காந்தி என்று பெயர் பெற்ற ஏ. பி. சேலம் இருபதாம் நூற்றாண்டில் அதற்காகச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட கதையை ஆண்டுதோறும் வாசிக்கிற இடத்தில் இது நடந்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நம் ஊர்க் கோயில்களிலும் சாதிக்கென்று தனி வரிசையும் தனிக் கல்லறையும் இருந்ததை அறிந்தவர்கள் கொச்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதைச் செய்தவர்கள் நேற்று வந்தவர்கள் அல்ல, நன்றாகப் பழகிப்போனவர்கள். புதிதாக வருகிறவருக்கு யார் எங்கே உட்காருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பது கண்ணை உறுத்தும். ஆறு மாதம் போனால் அது பழகிவிடும். சீக்கிரம் பழகிக்கொள் என்ற வாழ்த்துக்கு நான் அஞ்சுவது இதனால்தான்.

இன்று முதல் வாரங்கள் முன்பு போல இல்லை. அம்மாவின் முகம் கைப்பேசியில் வந்துவிடுகிறது, பெரிய நகரங்களில் தமிழ்ச் சபை இருக்கிறது, அறையிலேயே சோறு வடிக்கலாம். இவற்றை விட்டுவிடச் சொல்வது என் நோக்கமல்ல. தனிமையில் உடைந்துபோகும் பிள்ளையைப் பார்த்து இதுவும் பாடம் என்று சொல்வது கொடுமை. அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது படுக்க ஓரிடமும் பசிக்குச் சூடான சாப்பாடும். பள்ளி என்ற சொல்லின் பழைய பொருளும் அதுதானே. நான் கேட்பதெல்லாம் வேறு. தமிழ்ச் சபையின் பலகாரத்தோடு ஞாயிற்றுக்கிழமையை முடித்துக்கொள்ளாமல், அந்த ஊர்க் கிழவியின் ஜெபத்தில் புரியாமல் போன ஒரு சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ளும் துணிவு வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அகரம் எழுதினார். 1714இல் அவரோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய மலையப்பன், ஜெர்மனியின் ஹாலேயில் இருந்து அவருடைய தமிழ் இலக்கணத்துக்கு உதவினார். அயல்நாட்டில் வேதம் படிக்கப் போகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் முன்னோடிகளில் ஒருவர். போன இடத்தில் மாணவராகவும் ஆசிரியராகவும் ஒருசேர இருந்தவர்.

கொச்சங்காடியிலிருந்து நடந்தே போகக்கூடிய கோட்டைக் கொச்சியில் அன்று மாத்ரே தே தேவுஸ் கல்லூரி இருந்தது. 1579 நவம்பர் 14 அன்று அங்கே 122 பக்கத்தில் கிரீசித்தியானி வணக்கம் அச்சேறியது. அதற்கு முந்தைய ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கத்துக்கு அடுத்த தமிழ் அச்சு நூல் அது. அதைத் தமிழாக்கிய அந்திரிக்கே அடிகளார் தமிழ்க் கடற்கரைக்கு வந்து அப்போது முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசிரியர் கேட்க மாணவர் பதில் சொல்வதாக அமைந்த நூல் அது.