கோல்கொண்டாவில் கொண்டாடிய பிறந்தநாள்

"எனக்கு கேக் வேண்டாம். ராஜா கோட்டைதான் வேணும்!"

டிசம்பர் விடுமுறைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போவதென்று முடிவானதுமே எங்கள் கடைக்குட்டி போட்ட நிபந்தனை இது. அவனுக்கு ஏழு வயது நிறைகிற நாள் அந்த விடுமுறைக்குள் வந்தது. அட்டையில் கோட்டை செய்து நடுவில் அவனை உட்கார வைத்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். நாத்தனார்தான் சிரித்துவிட்டு, "ஊர்லே நிஜக் கோட்டையே இருக்கு, அட்டைக் கோட்டை எதுக்கு அண்ணி? கோல்கொண்டாவுக்கே போயிடலாம்" என்றாள்.

பிறந்தநாளன்று விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பையனுக்குப் பிடித்த ரவா கேசரி எல்லாம் கட்டிக்கொண்டோம். சாக்லேட் தாள்களைச் சேர்த்து வைத்து என் பெண் அழகாக ஒரு கிரீடம் செய்திருந்தாள். அவள் சேனாதிபதியாம், நாத்தனார் பிள்ளை மந்திரியாம். நானும் நாத்தனாரும் யார் என்று கேட்டதற்கு, "நீங்க சமையல்காரங்க" என்று பதில் வந்தது. வேறென்ன வரும்!

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு பையனுக்கு நல்ல ஜலதோஷம். அது விட்ட பிறகும் கூப்பிட்ட குரலுக்கு வருவதில்லை. டி.வி.யை அலற வைப்பான். "வகுப்பில் கவனம் போதாது" என்று பள்ளிக்கூடத்திலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். நானும் சேட்டை என்று நினைத்து இரண்டு மூன்று தடவை அடித்தேவிட்டேன்.

கோல்கொண்டா என்றால் ஒரே ஒரு கட்டடம் என்று நினைத்திருந்தேன். மதிலுக்குள் மதில், அதற்குள் ஒரு மதில் என்று விரிந்துகொண்டே போகிறது. வெளிமதிலில் மட்டும் 87 கொத்தளங்களும் 8 வாசல்களும் உண்டு. ஃபதே தர்வாஜா என்ற பெரிய வாசலின் கதவு முழுக்க இரும்பு முள். யானை வந்து முட்டி உடைக்காமல் இருப்பதற்காக அடித்ததாம். மகாராஜாவுக்கு அந்த முள்ளைத் தொட்டுப் பார்த்தால்தான் ஆயிற்று.

'கொல்ல' என்றால் தெலுங்கில் இடையர். கொல்ல கொண்டா என்றால் இடையர் குன்று. முதலில் காகதீயர்கள் காலத்தில் மண் கோட்டையாக இருந்ததாம். குதுப் ஷாஹி சுல்தான்கள் கருங்கல்லால் கட்டி, 1591-ல் ஹைதராபாத் நகரம் உண்டாகும் வரை இங்கேதான் தலைநகரம் வைத்திருந்தார்கள். "வைரம் எங்கே?" என்று பையன் நச்சரித்தான். வைரச் சுரங்கங்கள் கிருஷ்ணா நதிப் பக்கம். கோல்கொண்டா அவற்றுக்குச் சந்தை என்று இவர் விளக்கினார். அவனுக்குப் பெரிய ஏமாற்றம்.

குன்றின் அடியில், உள்கோட்டை வாசலைத் தாண்டியதும் ஒரு குவிமாடம். அதன் கீழே நின்று கை தட்டினால் 120 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்றின் உச்சியில் கேட்கும். விதானத்தை மடிப்பு மடிப்பாக அமைத்து, ஓசை எங்கும் சிதறாமல் மேலே போகும்படி செய்திருக்கிறார்கள். எதிரி வந்தால் காவல்காரன் அங்கிருந்தே மேலே தெரிவித்துவிடலாம். இரண்டடி தள்ளி நின்று தட்டினால் ஓசை மேலே போகாதாம். அந்தக் காலத்து மேஸ்திரிகள் என்ன படிப்புப் படித்தார்களோ!

மந்திரியையும் அவன் அப்பாவையும் அங்கேயே நிறுத்திவிட்டு நாங்கள் ஏறினோம். 300-க்கு மேல் படிகள். என் முழங்கால் அறுபதாவது படியிலேயே முனக ஆரம்பித்துவிட்டது. பத்துப் பத்துப் படியாக ஏறி, நின்று, தண்ணீர் குடித்து ஏறினால் சிரமம் தெரியவில்லை. வழியில் பக்த ராமதாசர் இருந்த சிறை. பத்ராசலத்தில் தாசில்தாராக இருந்த கோபன்னா, வரிப் பணத்தை எடுத்து ராமருக்குக் கோயில் கட்டியதற்காக சுல்தான் தானா ஷா அவரை இங்கே அடைத்து வைத்தார். இருட்டறையின் சுவரில் தெய்வ உருவங்கள் இருக்கின்றன. அவரே செதுக்கியவை என்கிறார்கள். நாத்தனார் கண்ணை மூடி நின்றுவிட்டாள். 1687-ல் எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு, உள்ளே இருந்த ஒருவனே கதவைத் திறந்துவிட, ஔரங்கசீப்பின் படை புகுந்தது. தானா ஷாவும் கைதியானார்.

மேலே ஜகதாம்பா கோயிலில் பையன் பேருக்கு வேண்டிக்கொண்டு, உச்சி மண்டபத்துக்குப் போனோம். சுற்றிலும் ஊர் தெரிகிறது. ஜிலுஜிலுவென்று காற்று. நாத்தனார் கைபேசியில், "ம், தட்டுடா" என்றாள்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டப்... டப்... மெல்லியதாக, ஆனால் தெளிவாகக் கேட்டது. ஏழு தட்டு, ஏழு வயதுக்கு. என் பெண் துள்ளிக் குதித்தாள். இவர் முகமெல்லாம் சிரிப்பு.

பையன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்து, "கேட்டுச்சு! கேட்டுச்சு!" என்றான்.

"எத்தனை தட்டுடா கண்ணு?"

"மூணு" என்றான். அப்புறம் அக்காவைப் பார்த்தான். "இல்லே, நாலு."

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஒன்றும் சொல்லாமல், அவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நான்கைந்தடி தள்ளி நின்று, "கேசரி வேணுமா ராஜா?" என்று மெதுவாகக் கேட்டேன். கேசரிக்கு உயிரை விடுகிற பிள்ளை, திரும்பவே இல்லை. பக்கத்தில் போய்க் கேட்ட பிறகுதான் திரும்பினான். சேட்டையாவது ஒன்றாவது! இந்தக் குழந்தையையா அடித்தேன் என்று நினைத்துக் கிரீடத்தைச் சரி செய்வது போல அவன் தலையைத் தடவிக்கொண்டே நின்றேன்.

இறங்கி வரும்போது இவரிடம் சொன்னேன். "காற்றிலே கேட்டிருக்காது" என்றார் முதலில். கீழே ஒரு மண்டபத்தில் ஒரு மூலையில் சுவரோடு ரகசியம் பேசினால் எதிர்மூலையில் கேட்கிறது. மந்திரி அங்கே நின்று பரிசை ஒளித்து வைத்த இடத்தைச் சொன்னான். பையன் சுவரில் காதை வைத்து, "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு, என்னிடம் ஓடி வந்து, "என்னம்மா சொன்னான்?" என்றான். இவரும் பேசாமலிருந்தார்.

வெளியே வந்து மர நிழலில் இலை போட்டோம். பரிசுப் பெட்டி காரில் அத்தை சீட்டுக்கு அடியில் இருந்தது. கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அன்று முழுக்க அவனிடம் முகத்துக்கு நேரே குனிந்துதான் பேசினேன். எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னான்.

ஊர் திரும்பிய மறுநாளே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். காதை விளக்குப் போட்டுப் பார்த்து, கேட்கும் திறனையும் சோதித்தார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் கெட்டியாகியிருக்கிறதாம். சளி பிடித்த பிறகு சிறு குழந்தைகளுக்கு இது சகஜமாம். வலி இருக்காது என்பதால் வெளியே தெரிவதில்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். வடியாவிட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைக்கலாம் என்றார். நான் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டதைச் சொன்னதும், "இனிமேல் காதிலே எதையும் ஊத்தாதீங்கம்மா" என்று கண்டித்தார்.

பள்ளிக்கூடத்தில் சொல்லி முதல் பெஞ்சுக்கு மாற்றினோம். மார்ச் மாதம் மறுபடி சோதித்தபோது இடது காது சரியாகிவிட்டது. வலது காதிலும் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

கிரீடம் நாத்தனார் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. கோடை விடுமுறைக்கு வந்து எடுத்துக்கொள்வதாக அத்தையிடம் போனில் சொல்லியிருக்கிறான். மே மாத வெயிலில் அந்தப் படிகளை ஏற என்னால் ஆகாது. தீபாவளி கழியட்டும் என்றிருக்கிறேன்.