வால்வின் மேல் விழும் பழி

கோவை கணபதியில், சத்தி சாலையை விட்டு உள்ளே திரும்பும் சந்தொன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. பெரும்பாலும் டீசல் கார்கள்தான் வரும். டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் படம் எரிந்து, வண்டி புகை தள்ளினால், பல மெக்கானிக்குகளின் கை நேரே இ.ஜி.ஆர். வால்வுக்குத்தான் போகும். இந்தப் பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுக்கும் முன் நிறையக் கேள்வி கேட்பவர். அவர் வேலையைப் பார்க்கத்தான் போனேன்.

நான் போனபோது ஒரு டிராவல்ஸ் ஓட்டுநர் 1.3 லிட்டர் டீசல் காரோடு நின்றிருந்தார்.

“மேட்டுல இழுக்கவே மாட்டீங்குதுங்ணா. பின்னாடி கருகருன்னு புகை. இ.ஜி.ஆர். போயிருச்சுன்னு சொல்றாங்க.”

“யாருங்க, வண்டியா சொல்லுச்சு? ஐடிலிங்ல புகை வருதுங்களா, மிதிச்சாத்தானுங்களா?”

“மிதிச்சாத்தானுங்ணா.”

அந்த ஒரு பதிலிலேயே பாதி சந்தேகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஏன் என்று புரிய, அந்த வால்வு எதற்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எரிதலின் சூடு எல்லை மீறும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. வெளியேறும் புகையில் ஒரு பங்கை இந்த வால்வு வழியாகத் திரும்ப உள்ளே விட்டால் ஆக்சிஜன் குறையும், சூடும் தணியும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் புழக்கத்துக்கு வந்த உத்தி இது. முழுதாக மிதிக்கும்போது இன்ஜினுக்குக் காற்று முழுதாக வேண்டும். அப்போது வால்வு மூடிக்கொள்ளும். மூடாமல் கரி பிடித்துத் திறந்தே நின்றுவிட்டால் கரும்புகை வரும், இழுவை போகும். ஆனால் அப்படி நின்ற வால்வு ஐடிலிங்கையும் சும்மா விடாது. இன்ஜின் தடதடக்கும், சில நேரம் அணைந்தும் போகும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். பிழைக் குறியீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு லைவ் டேட்டாவுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டருக்குள் எத்தனை மில்லிகிராம் காற்று போகிறது என்று ஏர் ஃப்ளோ சென்சார் காட்டும் எண்தான் அவருக்கு வேண்டியது. வால்வு திறந்திருந்தால் புகை இடத்தை அடைத்துக்கொள்ளும், புதுக் காற்று குறையும். மூடினால் கூட வேண்டும். ஸ்கேனரிலிருந்தே வால்வை மூடச் சொல்லி உத்தரவு கொடுத்தார். இருநூறை ஒட்டி நின்ற எண் முந்நூறை நோக்கி ஏறியது. திறந்ததும் இறங்கியது.

வால்வு நன்றாக வேலை செய்கிறது.

அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு வளைவின் அடிப்பக்கத்தில் எண்ணெய் ஈரம். மடக்கிப் பார்த்தால் விரல் நீள வெடிப்பு. ஐடிலிங்கில் ஒட்டிக்கிடக்கும், மேட்டில் டர்போ அழுத்தம் ஏறினால் வாய் பிளந்து, சென்சார் அளந்துவிட்ட காற்றை வெளியே விட்டுவிடும். இல்லாத காற்றை நம்பி டீசல் கூடப் போகிறது, அதனால் கரும்புகை. வால்வை மாற்றியிருந்தால் செலவும் மிஞ்சியிருக்கும், புகையும் மிஞ்சியிருக்கும்.

நிஜமாகவே கெட்ட வால்வுகளும் வராமல் இல்லை. கழற்றி வைத்திருந்த ஒன்றைக் காட்டினார்கள்: உள்ளே தார் போலப் பிசுபிசுத்த கரி. புகைக்கரி தனியாக வந்தால் உலர்ந்த பொடிதான். இன்ஜினின் பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவியோடு சேரும்போதுதான் இப்படிக் களியாகிறது. ஊருக்குள்ளேயே ஊர்ந்து ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் படியும். பி0401, அதாவது ‘ஓட்டம் போதவில்லை’ என்ற குறியீட்டோடு வரும் சில வண்டிகளில் வேறிடத்தில் வால்வைப் புதிதாகவே மாற்றியிருப்பார்களாம். விளக்கு அணைந்திருக்காது. வால்வுக்கு அப்பால் இன்டேக் மேனிஃபோல்டு வரை போகும் பாதை அடைபட்டிருப்பதை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காரணம் தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் பட்டறையில் யாரும் ஆற அமரப் பார்ப்பதில்லை. திருப்பி விடும் புகையை ஆற்றும் இ.ஜி.ஆர். கூலர் கசிகிறதா என்று உடனே பார்க்கிறார்கள். 2018இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றின. கூலரில் கசிந்த கூலன்ட் கரியோடு கலந்து படிந்து, சூடான புகை பட்டுப் பற்றிக்கொண்டதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

இன்னொரு வாடிக்கையாளர் இதெல்லாம் வேண்டாம், தகடு வைத்து அடைத்துவிடுங்கள் என்று கேட்டு வந்திருந்தார். பாதையைத் தகட்டால் மூடி, விளக்கு எரியாதபடி மென்பொருளையும் மாற்றிவிடுவது இங்கே பரவலாக நடக்கும் வேலை. பட்டறைக்காரர் முடியாது என்றார். டீசல் காருக்கு பி.எஸ்.4 மாசு விதி கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை அனுமதித்தது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 அதை 0.08 ஆக்கியது. எனக்கு உறுத்தியது இதுதான்: டீசல் வண்டிக்கான மாசுச் சான்றிதழ்ச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. வால்வை அடைத்தால் கரும்புகை குறையும். கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு கூடும். அடைத்த வண்டி சோதனையில் இன்னும் நன்றாகவே தேறிவிடும். வந்தவரும் அதைத்தான் சொன்னார், “பொல்யூஷன்ல பாஸாயிருமுங்க.” பட்டறைக்காரர் தலையாட்டினார், மறுக்கவில்லை, செய்யவும் இல்லை. வந்தவர் அடுத்த பட்டறைக்கு வண்டியைத் திருப்பினார்.